ஆயுள் முடிந்த அச்சு யந்திரம்

சம்பந்தம் பேச வருகிறவர்கள் எவ்வளவு இனிமையாகப் பேசுவார்கள் என்பது சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "உங்கள் பெண் இனிமேல் எங்கள் பெண்" என்பார்கள். "எதற்கும் கவலைப்படாதீர்கள், ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் ஓடி வருவோம்" என்பார்கள். கல்யாணமாகி நாலு மாதம் கழித்து ஒரு வார்த்தை சொல்லியனுப்பிப் பாருங்கள், தெரியும் சங்கதி!

இந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு யந்திரம் வாங்குவதும் ஏறக்குறைய அந்தச் சம்பந்தம் மாதிரிதான். கடையில் ஏக உபசாரம். உட்கார நாற்காலி என்ன, குடிக்கக் குளிர்ந்த மோர் என்ன, "நாங்க இருக்கோம், மேடம்" என்ற அபயம் என்ன! யந்திரம் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் கழித்து, அந்த 'நாங்க' எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போன கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யந்திரம் வேறொன்றுமில்லை, காகிதத்தில் மையைப் பீச்சி அச்சடிக்கும் 'இன்க்ஜெட் பிரிண்டர்'. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் 'பிராஜக்ட்' புண்ணியத்தில் உங்கள் வீட்டிலும் ஒன்று டெலிவிஷனுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆகவே என் அவஸ்தை உங்களுக்கும் ஒரு நாள் உபயோகப்படும். கம்பெனியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். வியாதி இன்னதென்று தெரிந்தால் போதும்; நோயாளியின் குலம் கோத்திரம் எதற்கு?

வெயிலும் மையும்

எங்கள் ஊர் மல்லாங்கிணறு, விருதுநகர் ஜில்லா. பக்கத்துப் பட்டணம் என்றால் நெசவுக்குப் பெயர் போன அருப்புக்கோட்டை. அதையும் தாண்டிப் போனால் ரமண மகரிஷி 1879-ல் பிறந்த திருச்சுழி. எல்லாம் வானம் பார்த்த பூமி. பருத்தி, மிளகாய், சோளம், கம்பு என்று மழையை நம்பி விதைக்கிற கரிசல் காடு. விதைக்காத இடமெல்லாம் சீமைக் கருவேலம். சித்திரை, வைகாசி மாதங்களில் இரண்டாவது புடைவையைக் கொடியில் போடுவதற்குள் முதல் புடைவை காய்ந்துவிடும். துணிக்கு இந்த வெயில் சௌகரியம்தான், பிரிண்டருக்கு அல்ல. அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சாயங்கால வேளைகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். இந்த வருஷம் இருபத்து மூன்று பேர். பெற்றோர் காட்டு வேலைக்கும் தறி வேலைக்கும் போகிறவர்கள். கொடுக்கிற சம்பளத்தைக் கொடுப்பார்கள். சில மாதம் சம்பளத்துக்குப் பதில் ஒரு படி மிளகாய் வற்றல் வரும். தடித் தடியாகக் 'கைடு' புத்தகங்கள் வாங்க அவர்களிடம் வசதி கிடையாது. ஆகையால் மாதிரிக் கேள்வித்தாள்களை நானே தயாரித்து அச்சடித்துக் கொடுப்பேன்.

"தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடை இருக்கிறதே, எதற்குச் சொந்தமாக யந்திரம்?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பாருங்கள். இருபத்து மூன்று பிள்ளைகள், பாடத்துக்கு ஆறு பக்கம், ஐந்து பாடம். ஒரு சுற்றுக்கு 690 பக்கம். கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் 1,380 ரூபாய். வீட்டிலோ காகிதமும் மையும் சேர்த்துப் பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்குள் முடிந்துவிடும். சீட்டுப் பணம் பதின்மூவாயிரத்தைப் போட்டுப் பிரிண்டர் வாங்கியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

பொதுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. கணக்குக் கேள்வித்தாள் பாதி அச்சாகிக்கொண்டிருந்தபோது யந்திரம் நின்றது. இரண்டு சிவப்பு விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டின. கம்ப்யூட்டர் திரையில் ஒரு செய்தி வந்தது. 'உள்ளே இருக்கும் ஒரு பாகத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. சேவை நிலையத்தை அணுகவும்' என்பது அதன் சாராம்சம். நான் உரக்கப் படித்துவிட்டேன் போலிருக்கிறது. அடுப்படியிலிருந்து என் மாமியார் பதறிக்கொண்டு வந்தார்.

"என்னத்தா, ஆயுசு முடிஞ்சு போச்சுன்னா சொல்லுது? யாருக்குத்தா?"

"யாருக்குமில்லை அத்தை, மிஷினுக்கு."

"அதுக்கு என்னத்தா வயசு?"

"நாலு."

மாமியார் ஒன்றும் பேசவில்லை. நடையில் இருந்த தம்முடைய தையல் மிஷினைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கல்யாணத்துக்குச் சீராக வந்தது அது. இன்றைக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடுகிறது.

தாகமும் சாக்கடையும்

இந்த யந்திரம் வேலை செய்யும் விதம் ரொம்ப வேடிக்கை. 1977-ல் ஜப்பானில் கேனான் கம்பெனியில் இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் இருந்தார். பற்றவைக்கிற சூட்டுக்கோல் ஒன்று, மை அடைத்திருந்த ஊசியின் மேல் தற்செயலாகப் பட்டுவிட்டதாம். பட்டதும் ஊசி முனையிலிருந்து மை பீச்சி அடித்தது. சூடு பட்டால் உள்ளே குமிழி உண்டாகிறது. குமிழி மையை வெளியே தள்ளுகிறது. இதை வைத்தே அச்சடித்தால் என்ன என்று தோன்றியது. பிறந்தது ஒரு வகை இன்க்ஜெட். வேறு வகை யந்திரங்களில் சூட்டுக்குப் பதிலாக, மின்சாரம் பாய்ந்தால் நெளிகிற படிகத் துண்டு மையைத் தள்ளுகிறது.

எந்த வகையானாலும் மை வருகிற துவாரங்கள் தலைமயிரை விட மெல்லியவை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வீட்டுப் பிரிண்டர் மை பெரும்பாலும் தண்ணீர்தான். வெயிலில் தண்ணீர் வற்றினால் துவாரத்தின் வாயில் மை உறைந்து அடைத்துக்கொள்கிறது. எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுகிறது. அப்போது என்ன செய்ய வேண்டும்? கூட வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது: 'ஹெட் கிளீனிங்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் உள்ளே ஒரு சின்னப் பம்பு, துவாரங்கள் வழியாக மையை உறிஞ்சி அடைப்பை எடுத்துவிடுகிறது.

உறிஞ்சின மை எங்கே போகிறது? யந்திரத்தின் அடி வயிற்றில் கம்பளி மாதிரி ஒரு பட்டை இருக்கிறது. 'வேஸ்ட் இங்க் பேட்' என்று அதற்குப் பெயர். கழிவு மை அத்தனையும் அதில்தான் ஊறுகிறது. வீட்டுக்குச் சாக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாக்கடை என்றால் ஒரு நாள் நிறையும். நிறைந்து வழிந்தால் மேஜையும் தரையும் பாழாகும். ஆகையால் நிறைவதற்கு முன்பே யந்திரத்தை நிறுத்திவிட வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்தது நியாயம்தான். ஆனால் நிறைந்ததா இல்லையா என்று பல யந்திரங்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை! எத்தனை தடவை சுத்தம் செய்தோம், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு மை போயிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு ஓர் எண்ணை ஏற்றிக்கொண்டே போகின்றன. எண் கம்பெனி வைத்த எல்லையைத் தொட்டதும் ஆயுள் முடிந்தது. பம்பு நன்றாக இருக்கலாம், மோட்டார் நன்றாக இருக்கலாம், தொட்டி நிறைய மை இருக்கலாம். யந்திரம் அசையாது.

இப்போது எங்கள் ஊர் வெயிலுக்கு வருகிறேன். கோடை விடுமுறையில் பிரிண்டருக்கு வேலை இல்லை. மை காய்கிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் வெள்ளைக் கோடு. புத்தகம் சொன்னபடி மூன்று தடவை, நாலு தடவை சுத்தம் செய்கிறோம். எண் ஏறுகிறது. ஆனால் கீழே பட்டையில் ஊறின மையின் தண்ணீரையும் அதே வெயில் குடித்துவிடுகிறதே! அது கணக்கில் வருவதில்லை. துவாரத்தை அடைக்கிற வெயிலுக்குக் கணக்கு உண்டு. பட்டையை உலர்த்துகிற வெயிலுக்குக் கணக்குக் கிடையாது. எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ஒருவர் போட்ட எண், எங்கள் கரிசல் காட்டுக்கு எப்படிப் பொருந்தும், சொல்லுங்கள்!

எண் நாலை அழுத்தவும்

இவ்வளவும் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த உதவி நம்பர்தான். கூப்பிட்டேன். ஹிந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று வரிசையாகச் சொல்லி, நாலை அழுத்தினால் தமிழ் என்றார்கள். அழுத்தினேன். இருபது நிமிஷம் வாத்திய சங்கீதம். அப்புறம் ஒரு பையனின் குரல்.

"வணக்கம் மேடம். பிரிண்டரை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பார்த்தாச்சு, தம்பி."

"இன்னொரு தடவை பண்ணுங்க மேடம், நான் லைன்ல இருக்கேன்."

பண்ணினேன். சிவப்பு விளக்குகள் மறுபடி கண் சிமிட்டின.

"மேடம், சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டு போகணும். உங்க பின்கோடு சொல்லுங்க."

சொன்னேன். கொஞ்ச நேரம் சப்தமே இல்லை.

"உங்க ஏரியாவுக்கு வீட்டுக்கு வர்ற சர்வீஸ் இல்லை மேடம். மதுரைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

"அங்கே எவ்வளவு ஆகும்?"

"அதை அவங்கதான் சொல்லணும் மேடம். வேறு ஏதாவது உதவி வேணுமா?"

முதல் உதவியே இன்னும் கிடைக்கவில்லை. 'வேறு' உதவிக்கு எங்கே போவது? அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததை அவன் வாசிக்கிறான்.

மறுநாள் பிரிண்டரைப் பழம்புடைவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். கண்டக்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு லக்கேஜ் போடணும்மா" என்றார். ஆயுள் முடிந்தவருக்கும் டிக்கெட் வாங்கினேன்.

சேவை நிலையத்தில் திறந்துகூடப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்த மாத்திரத்தில், "போர்டு மாத்தணும் மேடம். நாலாயிரத்து எண்ணூறு ஆகும். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு" என்றார் மேஜைக்குப் பின்னாலிருந்த இளைஞர்.

"எந்தப் பாகம் கெட்டிருக்கிறது?"

"ஆயுள் முடிஞ்சிடுச்சு மேடம்."

"அதை ஒரு காகிதத்தில் எழுதித் தருவீர்களா?"

சற்று யோசித்தார். பிறகு வேண்டா வெறுப்பாக 'ஜாப் ஷீட்' ஒன்றில் பழுது இன்னது, கேட்ட தொகை இன்னது என்று எழுதிக் கொடுத்தார். சகோதரிகளே, அந்தத் துண்டுக் காகிதம் பிற்பாடு எவ்வளவு பேசியது தெரியுமா!

இதற்கு நடுவே வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிண்டர் நின்ற நாலாம் நாள் சாயங்காலம், என்னிடம் படிக்கிற ஒரு பெண் ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். விஞ்ஞானக் கேள்வித்தாளை அப்படியே கையால் ஐந்து பிரதி எழுதியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவோடு மிளகாய் பழம் பறித்துக் கொடுத்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து எழுதினாளாம். "பக்கத்துல உக்கார்ற பிள்ளைகளுக்கும் வேணும்ல டீச்சர்?" என்றாள். அவள் படிக்க வேண்டிய ராத்திரி அது. ஒரு யந்திரம் தானாகவே பூட்டிக்கொண்டதற்கு அந்தப் பெண் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். அதைப் பார்த்தபின் சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

அரைமணி நேர வைத்தியம்

அருப்புக்கோட்டையில் ஒரு சின்னக் கடை. அப்பா டைப்ரைட்டர் ரிப்பேர் செய்தவர். பிள்ளை கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறார். அவர் யந்திரத்தின் பின்பக்கம் இரண்டு திருகைக் கழற்றிப் பட்டையை வெளியே எடுத்துக் காட்டினார்.

"பாருங்கக்கா, நடுவுலதான் ஈரம். ஓரமெல்லாம் காஞ்சு கெடக்கு. எண்ணுதான் நெறஞ்சிருக்கு, பேடு நெறயலை."

பழைய பட்டையை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்தார். கம்ப்யூட்டரில் ஏதோ செய்து எண்ணைப் பூஜ்யமாக்கினார். அரைமணி நேரம். எழுநூற்றைம்பது ரூபாய். அன்று ராத்திரியே கணக்குக் கேள்வித்தாளின் மிச்சப் பாதி அச்சாகி வந்தது.

ஆனாலும் நான் விடவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டு, தமிழிலேயே விஷயத்தைச் சொல்லிப் புகார் கொடுத்தேன். வாங்கின பில்லையும் அந்த ஜாப் ஷீட்டையும் படம் பிடித்து அனுப்பினேன். பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் பேசினாள். தேன் ஒழுகும் குரல்.

"உங்க சிரமத்துக்கு வருந்துறோம் மேடம். மதுரைக்குக் கொண்டு வாங்க, பேடை மாத்தி இலவசமாகவே சரி பண்ணித் தர்றோம்."

"போர்டு மாற்ற வேண்டும் என்றார்களே?"

"தேவையில்லை மேடம்."

"அப்படியானால் எல்லாருக்கும் இப்படித்தான் செய்து கொடுப்பீர்களா?"

"அது பாலிசி மேடம். உங்களுக்கு ஸ்பெஷல் அப்ரூவல்."

கேட்டீர்களா? புகார் எழுதினவளுக்கு இலவசம். வாய் பேசாமல் தலையாட்டினவளுக்கு நாலாயிரத்து எண்ணூறு! பழுது ஒன்றுதான். எதிரே நிற்பவரைப் பார்த்துத்தான் விலை மாறுகிறது.

கடல் கடந்த வழக்கு

இது நம் தேசத்துப் பெண்களுக்கு மட்டும் ஏற்பட்ட உபத்திரவம் என்று எண்ண வேண்டாம். பிரான்ஸ் தேசத்தில், பொருள் சீக்கிரம் பாழாகும்படி வேண்டுமென்றே செய்வது 2015-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் மூன்று லட்சம் யூரோ வரை அபராதமும் உண்டு. 2017 செப்டம்பரில் அங்கே 'ஹாப்' என்ற நுகர்வோர் சங்கத்தார், எப்ஸான், எச்.பி., கேனான், பிரதர் ஆகிய பிரிண்டர் கம்பெனிகளைக் குறிப்பிட்டு அரசாங்க வழக்கறிஞரிடம் புகார் கொடுத்தார்கள். தொட்டியில் மை இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகச் சொல்வதும், கழிவு மைப் பட்டை நிறைந்துவிட்டதாகச் சொல்லி நிறுத்துவதும் அந்தப் புகாரில் அடங்கியவை. புகார் என்பது தீர்ப்பல்ல. ஆனாலும் அடுப்படி ஓரத்து ஸ்டூலில் நடக்கிற சமாசாரம் நீதி ஸ்தலம் வரை போகத் தகுந்ததுதான் என்று அதிலிருந்து தெரிகிறது.

நம் தேசமும் சும்மா இருக்கவில்லை. வாங்கின பொருளைப் பழுது பார்த்துக்கொள்வது வாங்கினவரின் உரிமை என்ற பேச்சு இங்கேயும் எழுந்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் இலாகா அதற்கென்று ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, 'பழுது பார்க்கும் உரிமை' என்ற பெயரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். கைபேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்களோடு விவசாய யந்திரங்களும் அதில் சேர்த்தி. டிராக்டர்காரர்கள் உள்ள எங்கள் பக்கத்துக்கு அது ஓர் ஆறுதல்.

இன்னொரு முக்கியமான விஷயம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற ஜில்லாவிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளுக்குச் சில யோசனைகள்

பிரிண்டர் வீட்டில் இருந்தால் வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லா நிறமும் கலந்த ஒரு பக்கம் அச்சடித்துவிடுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால், பக்கத்து வீட்டு மதினியிடம் துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும்போதே இதையும் சொல்லி வையுங்கள். சுவர் ஸ்விட்சை அணைப்பதற்கு முன் யந்திரத்தின் பொத்தானை அணையுங்கள். அப்போதுதான் மைத்தலை தன் மூடியின் கீழ் போய் உட்காரும், காயாது. வெள்ளைக் கோடு விழுந்தால் ஒரு தடவை சுத்தம் செய்து, சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தினால் மையும் போகும், எண்ணும் ஏறும்.

யாராவது எண்ணைப் பூஜ்யமாக்கித் தருகிறேன் என்றால் பட்டையையும் மாற்றச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் மாற்றுவது, சாக்கடையை அள்ளாமல் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போடுவது மாதிரி. பிறகு நிஜமாகவே வழியும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் மோரைக் குடிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கழிவு மைப் பெட்டியை நானே கழற்றி மாற்ற முடியுமா? அது தனியாக என்ன விலைக்குக் கிடைக்கும்? பழுதானால் எங்கள் ஊருக்கு யார் வருவார்கள்? சில புதிய மாடல்களில் பெட்டியை, வாசல் குப்பைக் கூடையை எடுப்பது போல, நாமே எடுத்து மாற்றிவிடலாம். அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று கேள்விக்கும் கடைக்காரர் தலையைச் சொறிந்தால், வேறு கடைக்குப் போவதற்கு உங்கள் கால்கள் இருக்கின்றன.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். போனில் பேசினால் தேதியையும் பேசினவர் பெயரையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். யார் என்ன சொன்னாலும், "எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாலே போதும். வாயால் சொன்ன நாலாயிரத்து எண்ணூறு, காகிதத்தில் எழுதியதும் எத்தனை சீக்கிரம் பூஜ்யமாகிறது என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.